பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

திரையில் கதாநாயகன் காரை எடுத்துக்கொண்டு வில்லனைத் துரத்தினான். அவன் பாட்டுக்குத் துரத்திவிட்டுப் போகட்டும், அது அவன் பிழைப்பு. எங்கள் வீட்டுக்காரர் எதற்கு வலது காலைத் தூக்கி முன் சீட்டின் முதுகில் ஓங்கி மிதிக்க வேண்டும்? முன்னால் இருந்தவர் மடியில் வைத்திருந்த சோளப்பொரி அத்தனையும் மேலே எழும்பி, அதற்கும் முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாவின் கொண்டையில் போய் இறங்கியது.

"யோவ், அறிவிருக்கா?" என்றார் சோளப்பொரிக்காரர்.

"மன்னிச்சுக்கோங்க சார். வளைவுல இவ்வளவு வேகமா வரக் கூடாது" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"நானா வந்தேன்?"

"இல்ல, அவன்" என்று திரையைக் காட்டினார். முகமெல்லாம் வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வில்லன் பிடிபட்டானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். எங்கள் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது அவர். முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி, போன் எடுத்து, டெஸ்டில் தோற்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது நான். ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்தால் மாஸ்டர் தன் பக்கத்திலிருந்து மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்துத் தேய்ந்த கால் அது. அந்தக் கால்தான் இப்போது தியேட்டர், பஸ், சாப்பாட்டு மேசை என்று கண்ட இடத்தில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தது. கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் படுக்கிற பாவத்துக்கு என் கணுக்கால் நீலமாகிப் போயிருந்தது.

எல்லாம் அந்த ஒரு நாளிலிருந்துதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் வண்டி பழகிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து பேசாத பெண். ஸ்கூல் வண்டி ஒரு குறுகலான தெருவில் போகும்போது, பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சின்னப் பையன் குறுக்கே ஓடிவந்துவிட்டான். வண்டி கிறீச்சென்று நின்றது. பையனுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பையன் பந்தை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். தெருவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "மாஸ்டர் பக்கத்துல இருந்ததால தப்பிச்சது!" என்று ஊரெல்லாம் பேச்சு.

ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் விஷயமே. ஒரு கீறல்கூட இல்லை.

என் அண்ணனுக்கு டயர் கடை. வாய்க்கு டயர் போட்டால் உலகத்தைச் சுற்றி வருவான். அவனுக்கு மாப்பிள்ளை என்றால் உயிர். மறுவாரமே ஒரு போர்டு அடித்துக்கொண்டு வந்து ஸ்கூல் வாசலில் மாட்டிவிட்டான். அதில் மாஸ்டர் முகம் இல்லை. பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஷூ, அதைச் சுற்றி ஒளிவட்டம், கீழே கொட்டை எழுத்தில் 'உயிர் காத்த கால்!'

"எப்படி மாப்ள?" என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் போர்டைப் பார்த்தார். நேராக உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் பின்வாசல் வழியாகத்தான் ஸ்கூலுக்கு வந்தார். அடக்கம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் அவர் வண்டியில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் டயரில் காற்று இல்லை என்றார். ஒரு நாள் வெயில் என்றார். ஒரு நாள் வானம் சரியில்லை என்றார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெரு ஸ்கூலுக்கு நழுவினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவர் கத்துவதும் நின்றுபோய்விட்டது. "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு, அதுல உன் மூஞ்சியைப் பாக்காதே!" என்று அவர் கத்துவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்த மனுஷன் இப்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட மெதுவாகக் கேட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவர் இனிமேல் அந்த சீட்டில் உட்காரவே மாட்டாரோ, நான் வாக்கப்பட்ட அந்தச் சத்தக்காரர் திரும்பி வரவே மாட்டாரோ என்று.

எங்கள் தொழில் புத்தி எங்களை விடுமா? பிரேக் தகராறு என்றால் முதலில் மிதிகட்டையைப் பார், அப்புறம் கம்பியைப் பார், அப்புறம் சக்கரத்தைப் பார். தகராறு செய்வது கால். ஆகவே காலைப் பார். கால் டாக்டரிடம் போகும் முன்பே, காலுக்குப் பயிற்சி சொல்லித்தருகிற ஒருவரைப் பிடித்தான் அண்ணன். அவர் வந்து பாதத்தில் ஒரு மணல் பையைக் கட்டிவிட்டு, "கனம் இருந்தா தானா தூக்காதும்மா" என்றார். தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. மாஸ்டர் மணல் பையோடு மிதித்தார். தரை ஓடு இரண்டாகப் பிளந்தது. பயிற்சிக்காரர் தன் மணல் பையை அவிழ்த்துக்கொண்டு போனவர்தான்.

கால் டாக்டர் முழங்காலைத் தட்டினார், படம் எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கால் கல்லாட்டம் இருக்கு" என்றார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வண்டில ஏறினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா?" என்று கேட்டார்.

மாஸ்டர் தலையாட்டினார்.

"மூச்சு முட்டுதா? செத்துடுவோம்னு தோணுதா?"

அதற்கும் தலையாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே குழம்பை இரண்டு பேரும் ஊற்றிச் சாப்பிடுகிறோம், இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது.

"நல்ல மனநல டாக்டரா பாருங்க" என்றார் அவர்.

நான் எழுந்துவிட்டேன். "என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?"

"அம்மா, நான் கால் நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்" என்றார் டாக்டர். "காலுக்குக் கால் டாக்டர். பயத்துக்குப் பய டாக்டர். அவ்வளவுதான். உட்காருங்க."

வெளியே வந்ததும் மாஸ்டர் மெல்லிய குரலில் சொன்னார். "ஒண்ணும் நடக்காததுக்குப் போய் டாக்டரா? கேட்டா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். நான் பல்லைத் தட்டிடறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அதே எண்ணம்தான். ஒன்றுமே நடக்கவில்லையே, இதற்குப் போய் இவர் ஏன் இப்படி ஆகிறார்?

மனநல டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சிரிக்கவில்லை. பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது நிறையப் பேருக்கு வருகிற பயநோய்தான், மருந்து இருக்கிறது, சரியாகும் என்றாள். எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"மாத்திரை படபடப்பைக் குறைக்கும், தூக்கம் வரும். ஆனா மாத்திரை போய் அந்த சீட்டுல உட்காராது. நீங்கதான் உட்காரணும். அதுக்கு வாராவாரம் பேசிப் பழக்கறதுக்கு ஒரு ஆலோசகர் வேணும். ஒருத்தர் ஒத்து வரலைன்னா இன்னொருத்தரைப் பாருங்க. செருப்பு கடிச்சா காலையா வெட்டிப் போடறோம்? வேற செருப்பு பாக்கறதில்ல?"

இது என் மண்டையில் ஏறியது. செருப்பு வாங்குவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. கடையையே இறக்கிப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

முதல் செருப்பு ஓர் இளைஞர். அறை முழுக்க மெழுகுவத்தி வாசனை. கீழே மெத்தையில் உட்கார வைத்தார். நான் மாஸ்டரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். ஆலோசகர் தேனில் ஊறிய குரலில் ஆரம்பித்தார்.

"கண்ணை மூடிக்கோங்க. நீங்க ஒரு அழகான கடற்கரைல நிக்கறீங்க."

"சரி சார்."

"அலை வருது. போகுது. வருது. போகுது. மனசுல என்ன தோணுது?"

"வண்டியை எங்க நிறுத்தினேன்னு தெரியல சார்."

"வண்டி இல்ல சார். நீங்க நடந்தே வந்தீங்க."

"எங்க வீட்டுலேர்ந்து கடலுக்கா?" மாஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார். "முட்டி போயிடுமே சார்."

"சரி, வண்டியிலேயே வந்தீங்க. கண்ணை மூடுங்க. மணல்ல நிறுத்திட்டீங்க."

"மணல்ல நிறுத்தக் கூடாது சார். சக்கரம் புதைஞ்சிடும். நான் பசங்களுக்குச் சொல்லியே குடுக்கறேன்."

"புதையல சார்! அலை வருது!"

"அலை வருதா? வண்டி மணல்ல இருக்கு சார்!" என்று மாஸ்டர் வலது காலை ஒரு போடு போட்டார். மெழுகுவத்தி மூன்றும் உருண்டன. ஒன்று திரைச்சீலை பக்கமாகப் போயிற்று. நானும் ஆலோசகரும் அதைத் துரத்திப் பிடித்தோம். கடைசியில் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டது ஆலோசகர்தான். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. வேறு யாருக்காவது அந்தக் கடல் குளுகுளுவென்று இருக்கும். எங்களுக்குச் செருப்பு கடித்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆலோசகர் ஒரு பெண். கதவைத் திறந்துகொண்டு நாங்கள் உள்ளே போனதும் அவள் கை தானாகத் தோளுக்குப் போய், இல்லாத சீட் பெல்ட்டை இழுத்து இடுப்பில் மாட்டியது.

"மாஸ்டர்!" என்றாள். எழுந்தே நின்றுவிட்டாள்.

மாஸ்டர் உற்றுப் பார்த்தார். "ரிவர்ஸ் எடுத்து விளக்குக் கம்பத்துல விட்ட பொண்ணுதானே நீ?"

"கம்பம் இருந்தது எனக்குத் தெரியும் மாஸ்டர். நீங்க கத்தினதுலதான் அதைப் பாத்தே போயிட்டேன்."

நான் குறுக்கே புகுந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் பாவம், நல்ல பெண். முழுக்கக் கேட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஏற்கெனவே பழக்கமானவங்களுக்கு நாங்க ஆலோசனை பண்றதில்ல, மாஸ்டர். அது எங்க விதி. விதி இல்லைன்னாலும் என்னால முடியாது. இங்க பாருங்க." இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். நனைந்திருந்தன. "ஆனா ஒருத்தங்க இருக்காங்க. உங்ககிட்ட கிளாஸ் முடிஞ்சப்புறம் நான் அவங்ககிட்டதான் போனேன்."

"எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"இப்போ நானே ஓட்டறேன், மாஸ்டர். ரிவர்ஸ்கூட எடுக்கறேன்" என்று விலாசத்தைச் சொன்னாள். பொய் சொல்கிறவள் மாதிரி இல்லை.

படியிறங்கும்போது மாஸ்டர் கேட்டார். "நான் அவ்வளவா கத்தினேன்?"

"சேச்சே, அவ்வளவெல்லாம் இல்ல. அடுத்த தெரு வரைக்கும்தான்" என்றேன்.

அவள் சொன்ன அந்த மூன்றாவது ஆலோசகருக்கு ஒரு ஷூ கடைக்கு மேலே மாடியில் அறை. நாற்காலிகள், ஒரு மேசை, கடகடவென்று சுற்றுகிற ஒரு மின்விசிறி. மெழுகுவத்தியும் இல்லை, கடலும் இல்லை. தலை நரைத்த அந்த அம்மா "வாங்க, உட்காருங்க" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார். சரியான ஊமைக்கோட்டான் கையில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. நானே ஆரம்பித்தேன். தியேட்டர், சோளப்பொரி, மணல் பை, கடல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மாஸ்டரைப் பார்த்து, "கால் மிதிக்கிற அந்த நொடில, எதிர்ல உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா, அந்தப் பையன்தான்" என்றேன் நான். "ஆனா ஒண்ணுமே நடக்கலம்மா. இவர் டக்குனு பிரேக் போட்டுட்டாரு. ஒரு கீறல்கூட இல்ல."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க கொஞ்ச நேரம் வெளில உட்கார்றீங்களா?" என்றார் அந்த அம்மா என்னிடம்.

"நானா?"

"நீங்கதான்."

வந்ததே எனக்குக் கோபம்! கட்டினவள் வெளியே, கண்டவள் உள்ளே. படியில் இறங்கிப்போய் ஷூ கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து புசுபுசுவென்று மூச்சு விட்டேன். கோபத்தில் தேவையே இல்லாத ஒரு ஜோடி ஷூ வாங்கினேன், அதுவும் ஒரு சைஸ் சிறிசு. மாஸ்டர் இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "பேசினோம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "அந்த போர்டைக் கழட்டிடறியா?" என்று கேட்டார். வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

நான் அப்போதே ஏணி போட்டு ஏறினேன். அண்ணன் ஓடிவந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"பெருமைக்குரிய கால்! அதை ஏன் இறக்கறே? மாப்ளைக்கு நாலு நல்ல வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் சரியாயிடும். ஒண்ணுமே நடக்கலையே!"

"ஏணியை விடுண்ணே, இல்ல போர்டை உன் தலைல போட்டுடுவேன். அப்போ நடக்கும்" என்றேன். விட்டான். ஒளிவட்டத்தோடு போர்டைத் தூக்கிக்கொண்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டபடி போனான்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. முதலில் வாய் உலர்ந்தது, பகலில் தூக்கம் வந்தது. டாக்டர் பெண்ணிடம் சொன்னோம், அளவை மாற்றினாள். பிறகு என் கணுக்காலின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. வாரம் தவறாமல் மாடியேறினார். நான் வாரம் தவறாமல் ஷூ கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலில், நிற்கிற வண்டியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று வேலை கொடுத்தார் அந்த அம்மா. வாசலில் நிற்கிற வண்டியில் மாஸ்டர் உட்கார்ந்து வேர்ப்பார். வேர்வை அடங்கும் வரைக்கும் உட்கார்ந்துவிட்டு இறங்குவார். அப்புறம் என்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். "எங்கேயும் போகல, சும்மா பயப்பட்டுட்டு வரோம்" என்றேன். அவர்களுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

அடுத்தது, பக்கத்து சீட்டில் மாஸ்டர் உட்கார, புதிதாகப் பழகுகிறவர் ஒருவர் வண்டியை நகர்த்த வேண்டும். பழகுகிறவருக்கு எங்கே போவது? எல்லோரும்தான் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்களே. அன்றைக்கு அந்த அம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"எனக்கா? ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான்தானே ஆபீஸைப் பாக்கறேன். எல்லாம் தெரியும்."

"ஸ்டியரிங் பிடிச்சிருக்கீங்களா?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் கத்துக்குடுப்பாராம், எனக்கு மட்டும் மாட்டாராம். சொன்னாக் கேக்க மாட்டேனாம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் அந்த அம்மா. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு விதி சொன்னார். மாஸ்டருக்கு, "ஆபத்து இருந்தா தாராளமா பிரேக்கை மிதிங்க. வெறும் பயம் மட்டும்னா, காலால சொல்லாதீங்க, வாயால சொல்லுங்க." எனக்கு, "அவர் பேசினா கேளுங்க. 'ஒண்ணும் இல்ல', 'ஒண்ணும் நடக்கலையே', இது ரெண்டையும் மட்டும் சொல்லக் கூடாது."

"வேற என்ன வேணாலும் சொல்லலாமா?"

"உங்க இஷ்டம்" என்றார். தைரியசாலிதான்.

எனக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், வாங்கினோம். ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கிற ஒரு கிடங்கு, அதற்கு முன்னால் பெரிய வெற்றுத் தளம். காவல்காரரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கே வண்டியை எடுத்துப்போய் நிறுத்தச் சொல்லி அண்ணனை அனுப்பினோம். அவன் நிறுத்திவிட்டு, 'எல்' போட்ட அட்டையை முன்னாலும் பின்னாலும் ஒட்டிவிட்டு, ரொம்ப தூரம் தள்ளிப்போய்ச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டான். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் உட்கார்ந்தேன். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கிளட்ச்சை முழுசா மிதி. கியர் போடு. இப்போ மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா."

வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. முன்னறையில் உட்கார்ந்து எத்தனை பேரை, "கிளட்ச்சை விடத் தெரியலையா? அதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறேன்! அத்தனை பேர் சாபமும் அன்றைக்குப் பலித்தது. ஒருவழியாக வண்டி நகர்ந்தது. நடக்கிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போகலாம், அந்த வேகம்.

"பயமா இருக்கு" என்றார் மாஸ்டர்.

முதல் தடவையாக அதை வாயால் சொன்னார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் 'ஒண்ணும் இல்லங்க' வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

"சரி" என்றேன். "வேற?"

"நெஞ்சு அடிச்சுக்குது. கால் துடிக்குது."

"மிதிக்காதீங்க. எனக்குத்தான் மிதிக்கத் தெரியணும்."

ஒரு சுற்று போனோம். இரண்டாவது சுற்றில் கியரை மாற்றினேன். எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு காலி அட்டைப்பெட்டி காற்றில் உருண்டு சரியாக வண்டிக்கு முன்னால் வந்து விழுந்தது. நான் வீலென்று கத்திக்கொண்டு பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். வண்டி பட்டென்று நின்று, அணைந்தது. சுவருக்குப் பின்னால் அண்ணனும் கத்தினான்.

அதற்கப்புறம்தான் மாஸ்டர் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. அவர் காலால் பிரேக்கை மிதித்த சத்தம். வண்டி நின்றபிறகு.

அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான்" என்றார்.

நான் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், இல்லையென்றால் பேசிவிடுவேன்.

"அன்னிக்கு பிரேக்கை மிதிச்சது நான் இல்ல. அந்தப் பொண்ணுதான். நான் ரோட்டையே பாக்கல. கியரைத் தப்பாப் போட்டுட்டான்னு அவ மூஞ்சியைப் பாத்துக் கத்திட்டு இருந்தேன். வண்டி நின்னுடுச்சு. அப்புறம்தான் என் கால் பிரேக்குக்குப் போச்சு. எல்லாரும் எனக்குக் கை தட்டறாங்க. அந்தப் பொண்ணு என்னைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல." கைக்குட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டார். "உங்க அண்ணன் போர்டு வேற மாட்டினான். அவ மிதிக்காம இருந்திருந்தா அந்தப் புள்ள..."

முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமான நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இத்தனை மாதமாக இந்தப் பாரத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு, ஒளிவட்டம் போட்ட ஷூவுக்குக் கீழே நடக்க முடியாமல் பின்வாசல் வழியாக வந்து போயிருக்கிறார். நானும் கூடச் சேர்ந்து, ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் வாயை அடைத்திருக்கிறேன்.

"இங்க பாருங்க" என்றேன். "நீங்க ரோட்டைப் பாக்காதது தப்பு. பெரிய தப்பு. அதுல மறுபேச்சே இல்ல. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் நேர்ல சொல்லணும், நானும் வரேன்."

"சரி" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"ஆனா ஒண்ணு கேக்கறேன். அவ டக்குனு மிதிச்சா இல்ல?"

"ஆமா."

"நீங்க காட்டுக் கத்தல் கத்திட்டு இருக்கும்போதே, அவ ரோட்டைப் பாத்து மிதிச்சிருக்கா இல்ல?"

"ஆமா."

"நம்ம வாசப்படி ஏறினப்போ அவளுக்கு பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியுமா?"

அவர் தலை நிமிர்ந்தது. மூக்கை உறிஞ்சினார். "தெரியாது" என்றார்.

"அப்போ அந்தப் பொண்ணுக்கு பிரேக் மிதிக்கக் கத்துக்குடுத்தது யாரு? எங்க அண்ணனா?"

அவர் என்னைப் பார்த்தார். சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற என் அண்ணனைப் பார்த்தார். வாய் கோணியது, அழுகையா சிரிப்பா என்று அதற்கே தெரியவில்லை.

"கேக்கறேன் இல்ல? யாரு?"

"நான்தான்" என்றார், காதில் விழுந்தும் விழாததுமாக.

"கேக்கல. கத்திச் சொல்லுங்க."

"நான்தான்டி!" என்று கத்தினார் எங்கள் வீட்டுக்காரர்.